குளத்தில் மீன்குஞ்சு விடுதலும் அரைமணி நேரப் பொறுமையும்

மிளகாய் நாற்றை நண்பகல் வெயிலில் பிடுங்கி நடும் கமக்காரர் எவருமிலர். நடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே நாற்றுமேடைக்கு ஊற்றும் நீரைப் படிப்படியாகக் குறைத்து, நிழற்பந்தரை நீக்கி, நாற்றை வெளிவெயிலுக்குப் பழக்குகின்றனர். நடும் வேளையாக வெயில் தாழ்ந்த மாலைப் பொழுதையே தெரிந்தெடுக்கின்றனர். இடம் மாறும் இளம் உயிர் எதுவும் திடீர் மாற்றத்தை எளிதில் தாங்காது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த உண்மை. ஆயினும் ஊர்க் குளத்துக்கு மீன்குஞ்சுகள் வந்திறங்கும் நாளில் இவ்வறிவு மறக்கப்பட்டுவிடுகின்றது. பையின் வாயை அவிழ்த்து, அதனை அப்படியே குளத்தில் கவிழ்த்துவிட்டு வீடு திரும்பும் வழக்கம் வருந்தத்தக்கது. அது ஒழிதல் வேண்டும்.

வரண்ட வலயத்திலுள்ள சிறு குளங்களிற் பல, ஆண்டு முழுவதும் நீர் நிற்பனவல்ல. அவை வடகீழ்ப் பருவமழையினால் மார்கழி, தை மாதங்களில் நிரம்பி, ஆடிக்கும் புரட்டாதிக்குமிடையில் வற்றிவிடுவன. இவ்விடைக்காலமே மீன் வளர்வதற்குரிய காலமாகும். இக்குளங்களில் விடப்படும் கட்லா, ரோகு, மிரிகால் ஆகிய கெண்டையினங்கள் தேங்கிய நீரில் இயல்பாக இனம்பெருக்குவதில்லை. தம்புள்ளை, உடவளவை போன்ற இடங்களிலுள்ள அரசாங்க நிலையங்களிற் பொரிக்கச்செய்த குஞ்சுகளையே ஆண்டுதோறும் புதிதாக விடவேண்டியுள்ளது. வயலிலே பட்டுப்போன நாற்றுக்குப் பதிலாக வேறொன்றை நடலாம். குளத்தில் இறந்த குஞ்சுக்கு அவ்வாண்டில் ஈடு கிடைப்பது அரிது.

இந்நட்டம் கண்ணுக்குப் புலப்படாமலிருப்பதே இதிலுள்ள பெருந் தீங்கு. இறந்த குஞ்சுகள் அடியில் அமிழ்ந்துவிடும். மயங்கித் திரிபவற்றை விரால், நீர்க்காகம், கொக்கு என்பன உண்டுவிடும். மறுநாட் காலையிற் குளம் அமைதியாகவே காணப்படும். எட்டு மாதங்களின் பின்னர் வலை இழுக்கும்போது மீன் குறைந்திருந்தால், களவு போயிற்று என்றும், நல்ல குஞ்சு தரப்படவில்லை என்றும் ஒருவரையொருவர் குறைகூறுவர். குளக்கட்டில் முதல் நாளிற் செய்த அவசரத்தை எவரும் நினைப்பதில்லை.

குஞ்சுகள் இறப்பதற்குரிய காரணங்கள் எளிதில் விளங்கத்தக்கவை. மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிரன்று. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே அதன் வெப்பநிலை. பையினுள் இருந்த நீருக்கும் குளத்து நீருக்கும் சில பாகை வேறுபாடு இருப்பினும், பயணத்தினாற் களைத்த குஞ்சு அதிர்ச்சியடையும். மேலும், நீர் சூடேறச் சூடேற அதிற் கரைந்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏறக்குறைய 7½ மில்லிகிராமையே கொள்ளும். ஆதலால் நண்பகலில் கரையோர நீர் குஞ்சுகளுக்கு ஏற்றதன்று.

இன்னொரு காரணமும் உண்டு. மூடிய பையினுள் மீன் சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டினால் நீர் சிறிது அமிலத்தன்மை அடைகின்றது. கழிவிலிருந்து சேரும் அமோனியா அந்நீரிற் பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு வெளியேற, அமிலத்தன்மை குறைந்து, அதே அமோனியா நஞ்சாக மாறத் தொடங்கும். எனவே பையைத் திறப்பதற்கு முன்னர் பொறுமையும், திறந்த பின்னர் தாமதமின்மையும் வேண்டும்.

செய்யவேண்டியது இதுவே. வெயில் ஏறாத காலைப் பொழுதில் அல்லது மாலையில் குஞ்சுகளைக் குளத்துக்குக் கொண்டுவருதல் நன்று. நீர்ப்பூண்டு அடர்ந்த குளங்களில் விடியுமுன் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்குமாதலால், அங்கு சூரியன் எழுந்து சிறிது நேரம் கழிய வேண்டும். கட்டிய பைகளை அவிழ்க்காமல், மருதமர நிழல் விழும் நீரில் 15 முதல் 30 நிமிடம் வரை மிதக்கவிடுதல் வேண்டும். பின்னர் பையைத் திறந்து, குளத்து நீரைச் சிறிது சிறிதாக உட்சேர்த்து, பத்து நிமிடமளவில் இரு நீரையும் கலக்கச் செய்தல் வேண்டும். இறுதியாகப் பையைச் சரித்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். உயரத்திலிருந்து கொட்டுதல் ஆகாது. அண்மையிற் கிருமிநாசினி தெளித்த வயலிலிருந்து நீர் வந்துசேரும் இடத்திற் குஞ்சு விடுதலும் ஆகாது.

நூற்றுக்கணக்கான பைகளுக்கு இவ்வளவு நேரம் எங்கேயுள்ளது என்று சிலர் கேட்கலாம். நூறு பைகளையும் ஒருங்கே மிதக்கவிட்டால், ஒரு பைக்கு வேண்டிய அரைமணி நேரமே நூறு பைகளுக்கும் போதும். பின்னர் ஆளுக்குச் சில பைகளாகப் பகிர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கலாம். திலாப்பியா எவருடைய பராமரிப்புமின்றிப் பெருகவில்லையா என்பது மற்றொரு கேள்வி. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அம்மீன் வன்மையுடையது. தேங்கிய நீரிலும் தானே இனம்பெருக்குவது. சில இறந்தாலும் எஞ்சியவை அக்குறையை நிரப்பும். கெண்டைக்கு அவ்வியல்பு இல்லை.

விழாக்களைப் பற்றியும் கூறவேண்டியுள்ளது. குஞ்சு விடும் நாளை ஊரார் கூடிக் கொண்டாடுதல் நன்றே. ஆனால் அதிதிகளின் வருகைக்காகப் பைகளை வெயிலில் அடுக்கிவைத்து, உரைகள் முடிந்த பின்னர் நண்பகலில் அவிழ்ப்பது நன்றன்று. விழாவின் நேரத்தை மீனின் நலம் நோக்கியே குறித்தல் வேண்டும். அதிதி பிந்தினால் குஞ்சுகளை உரிய வேளையில் விட்டுவிட்டு, அவருக்கென ஒரு பையை நிழலில் வைத்திருந்தால் மரியாதையும் குறையாது.

ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் இப்பணிக்கென ஒருவரைப் பொறுப்பாக நியமித்தல் தகும். விடும் குஞ்சுகளில் நூற்றைத் தனியே எண்ணி, நுளம்புவலைத் துணியாற் குளத்தினுள் கட்டிய சிறு அடைப்பில் ஓரிரவு வைத்து, மறுநாள் இறந்தவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளல் அவர் கடமை. இறப்பு மிகுதியாயின் தவறு பயணத்திலா, விடும் முறையிலா என்று ஆராயலாம். இக்குறிப்பு இருப்பின், அறுவடை நாளில் எழும் வீண் பழிச்சொற்களும் குறையும்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இரண்டு மீன் விடும் சிறுவனுக்கும், கிணற்றில் நுளம்புக் குடம்பி தின்னும் மீன் விடும் குடும்பத்தினருக்கும் இதே விதி பொருந்தும். நாற்றுக்குக் காட்டும் பரிவை மீன்குஞ்சுக்கும் காட்டுவதற்குச் செலவு எதுவுமில்லை. அரைமணி நேரமே வேண்டும். அதனைக் கொடுக்க மறுப்பவர், எட்டு மாத வளர்ச்சியை முதல் நாளிலேயே இழந்துவிடுகின்றனர்.