பொறுக்கி என்பது ஏன் வசைச்சொல்?

2019 அக்டோபர் 12 காலை. சீன அதிபருடனான சந்திப்புக்காக மாமல்லபுரம் வந்திருந்த இந்தியப் பிரதமர், கடற்கரையில் அரை மணி நேரம் பிளாஸ்டிக் குப்பை பொறுக்கினார். அந்தக் காணொளி உலகமெங்கும் போனது. அதற்கு முந்தைய நாளும் மறுநாளும் அதே கடற்கரையில் குப்பை பொறுக்கிய பெண்களை யாரும் படம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அது வேலை. அந்த வேலைக்கு இந்த நாட்டில் ஒரு சாதி உண்டு.

ஒரே குப்பை, ஒரே செயல். ஒருவர் தொட்டால் தொண்டு, இன்னொருவர் தொட்டால் தீட்டு. 'பொறுக்கி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறுக்குபவர் என்பதுதான் அதன் நேர்ப் பொருள். அது எப்படி வசைச்சொல்லானது? 'சேரி' எப்படி வசைச்சொல்லானதோ அப்படித்தான்.

கழிவுப் பொருட்களிலிருந்து கலை செய்வது இன்று மதிப்புக்குரிய ஒன்று. தூக்கியெறிந்த பாட்டில், துருப்பிடித்த ஆணி, அறுந்த மீன்வலை ஆகியவற்றைக் கொண்டு சிற்பம் செய்து, வீட்டையே அருங்காட்சியகமாக்கி வைப்பவர்கள் உண்டு. அந்தக் கலையை நான் குறைத்துப் பேசவில்லை. எறியப்பட்ட பொருளுக்குள் இன்னொரு உயிர் இருக்கிறது என்று காண்பது பெரிய பார்வை. ஆனால் அந்தப் பார்வை பொருளோடு நின்றுவிடுகிறதா, எறியப்பட்ட மனிதர்வரை போகிறதா என்பதுதான் என் கேள்வி.

சண்டிகரின் நேக் சந்தை எடுத்துக்கொள்வோம். பிரிவினையில் ஊரிழந்து வந்தவர். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். நவீன நகரம் எழுப்புவதற்காக அங்கிருந்த கிராமங்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளையும், உடைந்த பீங்கானையும், கண்ணாடி வளையல் துண்டுகளையும் சைக்கிளில் ஏற்றிப்போய், 1950களின் இறுதியிலிருந்து காட்டுக்குள் ரகசியமாகச் சிலைகள் செய்தார். அரசு அதைக் கண்டுபிடித்தபோது இடித்துவிடும் அபாயம் இருந்தது. மக்கள் ஆதரவால் பிழைத்தது. 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அது பாறைத் தோட்டம் என்ற சுற்றுலாத் தலம். வருகிறவர்கள் வளையல் துண்டுகளை வியக்கிறார்கள். இடிக்கப்பட்ட கிராமங்களின் பெயரை எத்தனை பேர் கேட்கிறார்கள்?

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் நோவா பியூரிஃபாய் அந்தக் கேள்வியைத் தவிர்க்க விடவில்லை. 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் காவல்துறை ஒடுக்குமுறைக்கு எதிராகக் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 34 பேர் இறந்தார்கள். எரிந்த தெருக்களிலிருந்து 3 டன் இடிபாடுகளைத் தோழர்களோடு சேர்ந்து சேகரித்து, மறு ஆண்டே கண்காட்சி வைத்தார். உருகிய நியான் விளக்கைப் பார்ப்பவர், அது எதனால் உருகியது என்பதையும் பார்த்தாக வேண்டும். 1989இல் மொஹாவி பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்து, 2004இல் இறக்கும்வரை தான் வாழ்ந்த நிலத்தையே கழிவுப் பொருட்களாலான அருங்காட்சியகமாக்கினார். அவருக்குக் கழிவு என்பது அழகுப் பொருள் அல்ல, சாட்சி.

நம் கடற்கரைக்கு வருவோம். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நல்ல பணி. செட்டிநாட்டு வீட்டின் தூண்களைப் பார்த்தபடி நின்றபோது எனக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. அதைப் பெயர்த்தெடுத்து வர எதுவுமே இல்லை. தேக்குத் தூண் கிடையாது. தேர்தல் முடிந்ததும் கழற்றி எறிந்த பேனர்தான் கூரை. தலைவரின் முகம் தலைகீழாக எங்கள்மேல் சிரித்துக்கொண்டிருக்கும். டின் தகரத்தை விரித்துக் கதவு. ஊர்த் தெருவில் ஓட்டை விழுந்து கழித்த குடத்தில் அம்மா துளசி வளர்த்தார். கழிவுப் பொருளாலான வீட்டு அருங்காட்சியகம் பார்க்க வேண்டுமென்றால் மதுராந்தகத்திலிருந்து திருக்கழுக்குன்றம்வரை எந்தக் காலனிக்கு வேண்டுமானாலும் போகலாம். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. அதைக் கலை என்று சொல்லவும் ஆள் இல்லை.

பொருள் மட்டுமா? நிலமும் அப்படித்தான் வந்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், தீண்டப்படாத மக்களின் நிலைமை பற்றி 1891இல் அரசுக்கு அறிக்கை தந்தார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. கொடுத்தது யாரும் உழாத தரிசு. கழிக்கப்பட்ட மக்களுக்குக் கழிக்கப்பட்ட மண். நம் முன்னோர் அந்த மண்ணைத் திருத்தி விளைய வைத்தார்கள். உண்மையில் கழிவிலிருந்து செய்த கலை என்றால் அதுதான். நிலம் பண்பட்டதும், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மீறிக் கைமாறிப் போனது. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அதைக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் உயிரிழந்தார்கள். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் நிலத்தின் விலை சதுர அடிக்கணக்கில் பேசப்படுகிறது. தரிசாக இருந்தபோது நமக்கு, பொன்னானபோது அவர்களுக்கு.

உணவும் அப்படித்தான். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் உட்கார வந்த நரிக்குறவர் பெண்ணிடம், எல்லோரும் சாப்பிட்டு மீதமிருந்தால் வெளியே தருகிறோம் என்று சொல்லப்பட்டதாக அவரே காணொளியில் கேள்வி கேட்டார். அந்தக் குரலுக்குப் பிறகே அமைச்சர் வந்து பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார். பாசிமணி கோத்து அந்த ஊரிலேயே விற்கும் கைவினைஞர்கள் அவர்கள். அவர்கள் கோத்த மணியைச் சுற்றுலாப் பயணி கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் மட்டும் பந்தியில் உட்காரக் கூடாது!

ஆகவே கழிவில் கலை செய்பவர்களிடமும் அதைப் பார்த்து மகிழ்பவர்களிடமும் சிலவற்றைக் கேட்கிறேன். உங்கள் சிற்பத்துக்கு அடியில் இது எந்தத் தெருவில் எறியப்பட்டது, யார் கை பொறுக்கியது என்பதையும் எழுதுங்கள். பொறுக்கியவருக்குப் பழைய இரும்புக் கடை விலை அல்லாமல், உழைப்புக்கான பங்கைக் கொடுங்கள். குப்பையை மறுசுழற்சி செய்வது பற்றிப் பேசும்போது, அந்தக் குப்பையை அள்ளுபவர் ஏன் இன்னும் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறார் என்றும் பேசுங்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாட்கள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டபோது, சூழலியல் பேசும் எத்தனை குரல்கள் எழுந்தன?

எதைக் காப்பது, எதை எறிவது என்ற தேர்வுதான் அருங்காட்சியகம். அந்தத் தேர்வை இந்த மண் ஒருமுறை சரியாகச் செய்திருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பலர் எறிந்தார்கள். எறிந்ததைச் சிலர் இன்று மீண்டும் பொறுக்கி எடுத்துச் சுவரொட்டியில் போட்டுக்கொள்கிறார்கள்.

மறுசுழற்சிக்குத் தகுதியே இல்லாத கழிவு ஒன்று உண்டென்றால் அது சாதிதான்.