பாதை எல்லோருக்கும் பொது!

நடப்பவருக்கு ஒரு வழி, சைக்கிளுக்கு ஒரு வழி என்று தனித்தனியே பிரித்துக் கொடுக்க இடம் இருந்தால் நல்லதுதான். ஆனால், சிங்கப்பூர் சிறிய தீவு. அங்கே பூங்காக்களை இணைக்கும் பாதைகள் மட்டும் 300 கிலோ மீட்டருக்கு மேல் நீளுகின்றன. நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் அவற்றில் கலந்தே செல்லுகிறார்கள்.

காலையில் தாத்தா ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு உலாவ வருகிறார். அதே பாதையில், வேலைக்கு விரையும் இளைஞர் சைக்கிளில் வருகிறார். பாதையில் இருவருக்கும் உரிமை உண்டு. ஆனால், மோதினால் பலத்த அடி யாருக்கு? பெரும்பாலும் தாத்தாவுக்கும் பேரனுக்கும்தான்! ஆகவே, பொறுப்பில் பெரும் பங்கு வேகமாக வருகிறவரையே சேரும்.

இதற்கென்று சிங்கப்பூரில் 2017-ல் சட்டம் இயற்றப்பட்டது. 2018 மே மாதம் அது அமுலுக்கு வந்தது. கலந்து செல்லும் பாதைகளில் மணிக்கு 25 கிலோ மீட்டர் வரை போகலாம். நடைபாதையில் முதலில் 15 கிலோ மீட்டர் என்று இருந்தது; 2019 பிப்ரவரியில் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது.

25 கிலோ மீட்டர் என்பது அதற்கு மேல் போகக் கூடாது என்னும் எல்லை. எப்போதும் அந்த வேகத்தில் போகலாம் என்னும் அனுமதி அல்ல!

கணக்குப் பார்த்தால் இது விளங்கும். அந்த வேகத்தில் சைக்கிள் ஒரு விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். பிடித்த பிறகு ஓடும் தூரம் வேறு! குறுக்கே ஓடி வரும் குழந்தை, 7 மீட்டருக்கு அப்பால்தான் வரும் என்று யார் உறுதி கூற முடியும்?

ஆளைக் கண்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இடப் பக்கமாகச் சென்று, வலப் பக்கமாக முந்த வேண்டும். கூட்டம் மிகுந்த இடத்தில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும்.

மணி அடிப்பதிலும் ஒரு முறை உண்டு. "வருகிறேன்" என்று சொல்லுவதற்கே மணி. "விலகு" என்று அதட்டுவதற்கு அல்ல! முதுகருகே வந்து திடீரென்று அடித்தால், முதியவர் திடுக்கிட்டு வண்டியின் குறுக்கேயே பாய்ந்துவிடுவார். தொலைவிலேயே மெதுவாக அடிக்க வேண்டும். காது கேளாதவரும் நடக்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

நடப்பவர்களுக்கும் கடமை உண்டு. நாலு பேர் கைகோத்துப் பாதையை அடைத்துக்கொள்வதும், நாயை நீளக் கயிற்றில் விடுவதும், செல்போனைப் பார்த்தபடியே குறுக்கிடுவதும் சரியல்ல.

மரியாதை குறைந்தால் தடை வரும். மின்சார ஸ்கூட்டரின் கதை இதற்குச் சான்று. 2019 செப்டம்பரில், அத்தகைய வண்டி ஒன்றுடன் மோதிய மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவர் சைக்கிளில் சென்றவர். அந்த ஆண்டு நவம்பர் 5-ந் தேதி முதல் நடைபாதைகளில் அந்த வண்டிகளுக்கே தடை வந்தது. சிலருடைய அடாத வேகத்தால், அதை ஓட்டி வீடுவீடாக உணவு கொடுத்துப் பிழைத்தவர்களும் அல்லலுற்றார்கள்.

2025 ஜூலை முதல் சைக்கிளுக்கும் கட்டுப்பாடு வந்தது. சைக்கிள் பாதையை ஒட்டி, நடப்பவருக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்!

ஆனால், பாதை முழுவதையும் இரண்டாகப் பிரிக்கத் தீவில் இடம் இல்லை. எத்தனையோ பாதைகளில் இன்னும் பல காலம் கலந்தே செல்ல வேண்டியிருக்கும். அங்கே காவலர் எப்போதும் நிற்க மாட்டார். பிரேக் பிடிக்கும் கைதான் காவல். சட்டம் வந்து இறக்கிவிடும் வரை காத்திராமல், தாமே இறங்கி வழிவிடுவதே பெருமை!