பளிங்கின்மேல் எழுத்து

கருவியைப் புதுக்குவோர் அதன் பயனைப் புதுக்கினரா, தோற்றத்தை மட்டும் புதுக்கினரா என வினவுதல் அறிவுடையோர் கடன். அப்பிள் நிறுவனத்தார் 2025 ஆம் ஆண்டு யூன் 9 ஆம் திகதி அறிவித்துச் செப்ரெம்பர் 15 ஆம் திகதி வெளியிட்ட ஐஓஎஸ் 26 என்னும் கைப்பேசி இயங்குதளம் இவ்வினாவையே நம்முன் நிறுத்துகின்றது.

இதன் புதுமை யாது? பொத்தான்களும் அறிவிப்புப் பலகைகளும் பளிங்கினால் இயன்றன போலத் தோன்றுகின்றன. கீழே கிடக்கும் படம் அவற்றினூடே வளைந்தும் ஒளிர்ந்தும் தெரிகின்றது. 'நீர்மக் கண்ணாடி' எனப் பொருள்படும் பெயரையே இதற்குச் சூட்டினர். ஓவிய நோக்கில் இது வியக்கத்தக்கதே.

ஆயினும், எழுத்து கண்டு மகிழ்தற்கு மட்டும் உரியதன்று, வாசித்தற்குரியது. அதற்கு வேண்டுவது எழுத்தின் நிறமும் தளத்தின் நிறமும் தம்முள் மாறுபட்டு நிற்றல். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஓலையில் எழுத்தாணியாற் கீறியபின் விளக்குக்கரி பூசித் துடைத்தனர். வரி கறுத்தது, ஓலை வெளுத்து நின்றது. இணையத்துக்கு நெறி வகுத்தோரும், சாதாரண அளவினதாகிய எழுத்துக்கு இம்மாறுபாடு 4.5க்கு 1 என்னும் விகிதத்திற் குறையலாகாது என்கின்றனர். தளமே கண்ணாடியாயின் அவ்விகிதம் நிலைபெறுவது எங்ஙனம்? தளத்துக்கேற்ப எழுத்து வெளுக்கவும் கறுக்கவும் ஏற்பாடு செய்துள்ளனர். பலநிறப் படம் கீழே கிடக்குங்கால் அவ்வேற்பாடும் தடுமாறுகின்றது.

தமிழெழுத்துக்கு இவ்விடர் பெரிது. ஒரு புள்ளி கண்ணுக்குத் தப்பின் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். சுவடிகளிற் புள்ளியிடாமையாற் பதிப்பாசிரியர் பட்ட பாட்டைத் தமிழ் மாணாக்கர் அறிவர். அச்சு தந்த தெளிவைக் கைப்பேசித் திரையில் நாம் இழத்தலாமோ?

'எதுவும் பழகினாற் சரியாகும். 2013 இல் ஐஓஎஸ் 7 தோலும் மரமும் போன்ற சாயல்களை நீக்கியபோதும் இவ்வாறே முணுமுணுத்தனர்' என்பாருமுளர். அன்று முணுமுணுப்புத் தணிந்தது பழக்கத்தால் மட்டுமன்று. வெள்ளோட்டப் பதிப்பில் மெலிந்திருந்த எழுத்து, வெளியீட்டுக்கு முன்னரே தடிப்பிக்கப்பட்டது. இம்முறையும் 2025 நவெம்பரில் வந்த 26.1 ஆம் பதிப்பு, கண்ணாடியின் ஊடுதெரிவைக் குறைத்துக்கொள்ளும் தெரிவினை வழங்கியது. வாசிப்போர் குறை கூறியது வீண்போகவில்லை.

எனினும், அத்தெரிவு அமைப்புப் பக்கங்களுக்குள்ளே கிடக்கின்றது. கண்பார்வை குன்றிய முதியோர் அதனைத் தேடிக் காண்டல் எளிதன்று. தெளிவு எல்லார்க்கும் இயல்பாக அமையட்டும். பளபளப்பை வேண்டுவோர் தேடிப் பெறட்டும். அணி பொருளுக்கு அடங்கி நிற்றல் வேண்டும் என்பது செய்யுளுக்கு மட்டும் உரிய விதியன்று.