பேர் போடுவதும் சங்க வேலைதான்

"இதெல்லாம் சங்கத்து வேலையா?" என்று போன மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு மூத்த தோழர் கேட்டார். மனதில் கள்ளமில்லாதவர். ஆகவே கோபப்படாமல் பதில் எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். எங்கள் டிவிஷனில் பிறந்து எங்களிடமே படித்த பிள்ளை, சில வருடம் கொழும்பில் இருந்துவிட்டுத் திருநங்கையாக லயத்துக்குத் திரும்பியிருக்கிறாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. வீட்டில் ஒருவர் மலைக்குப் போயாக வேண்டும். கொழுந்தெடுக்கப் பெரட்டுக்குப் போனவளிடம், "பழைய பேரில் கவ்வாத்துக்கு வா, இல்லாவிட்டால் பேர் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரட்டில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவர்களில் நம் அங்கத்தவர்களும் உண்டு.

அவளிடம் கடதாசி இல்லாமல் இல்லை. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, மனநல மருத்துவ நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றால் பிறப்புச் சான்றிதழில் பேரையும் பாலையும் திருத்தலாம். அதைக் காட்டிப் புதிய அடையாள அட்டை எடுக்கலாம். அவள் அவ்வளவும் செய்து முடித்துவிட்டாள். அரசாங்கம் ஏற்ற பேரைத்தான் தோட்ட ஆபீஸ் ஏற்க மறுக்கிறது.

தோட்டத்தில் பேர் என்றால் அன்றைய சம்பளம். அரைப் பேருக்காக எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறோம்! சேமலாப நிதிக்கு நமது 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் அந்தப் பேரில்தான் விழுகின்றன. சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம் என்பதால், ஆணா பெண்ணா என்று எழுதுவதிலும் காசு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, செக்ரோலில் செல்லாயி என்று இருந்ததால் தொழில் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்கள் நம் லயங்களில் இல்லையா? 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003வரை கடதாசிக்காகக் காத்திருந்த சனம் நாம்.

2023இல் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் வந்தபோது நாடெங்கும் வாதம் நடந்தது. அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்றுதான் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவுகள் வெள்ளைக்காரன் எழுதியவை. அவைகூடப் பெரட்டில் நிற்பவளுக்குப் பேர் போடுவதைத் தடுக்கவில்லை.

மாசியில் காமன் ஊன்றினால் ரதி வேஷம் கட்டுவது ஆண்பிள்ளைதான். அந்த ரதியைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். வேஷம் வேறு, வாழ்க்கை வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் சேலையைக் கண்டு சிரிக்கிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று ஆபீசில் ஒரு காரணம் சொன்னார்கள். கொழுந்து மலையில் போய்க் கேட்டோம். "மலையில எங்களுக்கே கக்கூஸ் இல்ல, அத மொதல்ல கட்டச் சொல்லுங்க சேர்" என்றார் ஓர் அக்கா. அந்தக் கோரிக்கையையும் கடிதத்தில் சேர்த்துவிட்டோம்.

கடிதம் துரைக்கும் பிரதி தொழில் அலுவலகத்துக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை பெரட்டுக்குத் தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் அவளோடு போகிறார்கள். அன்று சிரித்தவர்களும் வந்து பக்கத்தில் நிற்கலாம்.