குதிரைக்கு 160 ஏக்கர்... குப்பைக்கு 340 ஏக்கர்!

கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்கு 2024 செப்டம்பர் 9-ந் தேதி அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மொத்தம் 160.86 ஏக்கர். ‘குத்தகை ரத்து, நிலம் சர்க்காருக்குச் சொந்தம்’ என்று அறிவித்தார்கள்.

‘அது பணக்காரர் விவகாரம். கொடுங்கையூர்க்காரனுக்கு அதில் என்ன வந்தது?’ என்று கேட்கிறீர்களா?

நிறைய வந்தது. அந்த நிலத்தில் நமக்கும் பங்கு உண்டு. அங்கே போன பணத்திலும் நம் பக்கத்துப் பணம் உண்டு. அங்கே இனி வரப்போகும் பூங்காவைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய நியாயமும் ஒன்று உண்டு.

குதிரைப் பேட்டை

குதிரை என்றால் வட சென்னைக்கு ஜட்கா வண்டி. தென் சென்னைக்கு ரேஸ். அந்தக் காலத்தில் கிண்டி பட்டணத்துக்கு வெளியே இருந்த பகுதி. 1777-லேயே அங்கே வெள்ளைக்காரர்கள் குதிரை ஓட்டிப் பந்தயம் கட்டினார்கள். பழைய கிளப் ஒன்றைக் கலைத்துவிட்டு, 1896-ல் இன்றைய மெட்ராஸ் ரேஸ் கிளப் உருவானது.

கிளப்பைச் சுற்றி ஒரு தனி உலகமே வளர்ந்தது. குதிரை லாயங்கள், டிரைனர்கள், ஜாக்கிகள், குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் சைஸ்கள், லாடம் அடிப்பவர்கள், குதிரை டாக்டர்கள். வேளச்சேரிப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், ‘ஃபைவ் ஃபர்லாங் ரோடு’ என்றே ஒரு சாலை இருக்கிறது. ஒரு ஃபர்லாங் என்பது மைலில் எட்டில் ஒரு பங்கு. குதிரை ஓடும் தூரத்தை இன்றும் மீட்டரோடு இந்தக் கணக்கிலும் சொல்கிறார்கள். ஐந்து ஃபர்லாங் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர்.

ராஜாக்கள், ஜமீன்தார்கள், சினிமா முதலாளிகள் எல்லாரும் குதிரை வைத்திருந்தார்கள். எஸ்.எஸ்.வாசன் தன் ரேஸ் குதிரையின் பேரைத்தான் ஜெமினி ஸ்டூடியோவுக்கு வைத்தார் என்று ஒரு கதையே உண்டு. 2015-ல் காலமான செட்டிநாட்டு எம்.ஏ.எம்.ராமசாமியின் குதிரைகள் நாடு முழுக்கப் பெரிய பந்தயங்களை நூற்றுக்கணக்கில் ஜெயித்தன. ஓட்டப் பாதைக்கு நடுவே இருந்த இடமும் சும்மா கிடக்கவில்லை. அங்கே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம்!

வெயிலில் காய்ந்தவன் யார்?

மேலே ஸ்டாண்டில் கோட்டு சூட்டு. கீழே கேலரியில் யார்? மில் தொழிலாளி, ஹார்பர் தொழிலாளி, கடைச் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா. கையில் ரேஸ் புத்தகம், காதில் பென்சில், வாயில் ‘டிப்ஸ்’. பீச் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ரயில் ஏறினால் நேரே கிண்டி. சம்பளக் கவர் பிரிக்கப்படும் இடம் வீடாக இல்லாமல் ரேஸ் கவுண்டராகப் போன குடும்பங்கள் நம் தெருக்களில் எத்தனை? பாத்திரம் அடகுக்குப் போனதும், பெண்டாட்டியின் தாலிச் செயின் மார்வாடி கடைக்குப் போனதும் புதுக் கதை அல்ல.

இந்தப் பந்தயத்தில் கணக்கு எப்படி என்று பலருக்கும் தெரியாது. ஆயிரம் பேர் ஆளுக்கு 100 ரூபாய் டோட்டில் கட்டினால் ஒரு லட்சம் சேரும். அந்த ஒரு லட்சமும் ஜெயித்தவர்களுக்குப் போகாது. முதலில் வரி கழியும். அடுத்து கிளப்பின் கமிஷன் கழியும். மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும். குதிரை ஓடுவதற்கு முன்பே பணம் குறைந்துவிட்டது! எல்லாரும் நிறைய ஜெயிக்கும் ஃபேவரிட் குதிரை வந்தால் பங்கு சில்லறை. ஆக, ஒருத்தன் இரண்டு பேர் ஒருநாள் ஜெயிக்கலாம். கட்டினவர்கள் மொத்தமாக ஒருநாளும் ஜெயிக்க முடியாது. இது அதிர்ஷ்டம் அல்ல, வெறும் கழித்தல் கணக்கு.

2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். கழித்தல் இன்னும் பெரிசாகிவிட்டது என்று அர்த்தம்.

சூதா? திறமையா?

இந்த ரேஸை ஒழிக்க தமிழ்நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 1974-ல் கருணாநிதி ஆட்சியில் ஒழிப்புச் சட்டம் வந்தது. கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே சர்க்கார் எடுத்துக் கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. அதற்கும் கேஸ்.

கடைசியில் 1996 ஜனவரி 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ‘எந்தக் குதிரை ஜெயிக்கும் என்பதைக் குதிரையின் வம்சம், பழக்கம், ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் ஆகியவை தீர்மானிக்கின்றன. இது திறமை விளையாட்டு, சூதாட்டம் அல்ல’ என்பது தீர்ப்பின் சாரம். 1986 சட்டமும் செல்லாது என்று ஆனது.

தீர்ப்புக்குத் தலை வணங்குவோம். குதிரைக்குத் திறமை உண்டு. ஜாக்கிக்குத் திறமை உண்டு. வாழ்நாளில் குதிரை மேல் கை வைத்தே பார்க்காமல், பெட்டிக்கடை டிப்ஸை நம்பி வாரச் சம்பளத்தைக் கட்டினவனுக்கு என்ன திறமை இருந்தது என்பதை மட்டும் எந்தக் கோர்ட்டிலும் யாரும் கேட்கவில்லை.

2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் லாட்டரி ஒழிந்தது. செல்போனில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் தடைச் சட்டம் கொண்டு வந்தது. ஏழை வாங்கிய ஒரு ரூபாய்ச் சீட்டு போய்விட்டது. கிண்டி மட்டும் இத்தனை காலம் எப்படி நின்றது? காலடியில் நிலம் கெட்டியாக இருந்ததால்தான்.

மாதம் 51 ரூபாய்!

அந்த நிலத்தின் கதையைக் கேளுங்கள். 1945-ல் போட்ட குத்தகை. 99 வருஷத்துக்கு. வாடகை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 614 ரூபாய் 13 பைசா.

160 ஏக்கருக்கும் சேர்த்துத்தான். வகுத்துப் பாருங்கள். மாதம் 51 ரூபாய். ஏக்கருக்கு வருஷத்தில் 4 ரூபாய்கூட இல்லை. மூலக்கடையில் ஒரு பெட்டிக்கடை போட்டவர் ஒருநாள் வாடகைக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறார்.

1970-லிருந்து வாடகையை உயர்த்த வேண்டும் என்று சர்க்கார் கேட்டது. கிளப் ஒத்துக் கொள்ளவில்லை. நோட்டீஸ், பதில், கேஸ் என்று பல்லாண்டு ஓடியது. 2023 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு, 730 கோடியே 86 லட்சம் ரூபாய் பாக்கியை ஒரு மாதத்தில் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. கிளப் அப்பீல் போனது. ஊட்டியில் இதே கிளப் வைத்திருந்த ரேஸ் மைதானம் 52 ஏக்கரைச் சர்க்கார் 2024 ஜூனில் கையகப்படுத்தியது. செப்டம்பரில் கிண்டிக்கு வந்தது. சீல் வைத்ததும் விவகாரம் மறுபடி கோர்ட்டு வாசலுக்குப் போனது.

சீல் வைத்தது சரி என்பதே நம் கருத்து. பொதுச்சொத்தை மாதம் 51 ரூபாய்க்கு வைத்துக் கொண்டு, வாடகையை உயர்த்தினால் கேஸ் போடுவது என்ன நியாயம்? வீட்டு வரி இரண்டு தவணை பாக்கி வைத்தால் நம் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறானே!

ஆனால் ஒன்று. முறைப்படி நோட்டீஸ் கொடுக்கவில்லை, அவகாசம் தரவில்லை என்று கிளப் தரப்பில் வாதாடினார்கள். அந்த வாதத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நோட்டீஸும் அவகாசமும் எல்லாருக்கும் வேண்டும். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், கூவம் கரையில் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக் கொண்டு போனபோது, எத்தனை பேருக்குப் பெரிய வக்கீல் கிடைத்தார்? பணக்கார கிளப்புக்குக் கிடைக்கும் அவகாசம் குடிசைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். குடிசைக்காரரிடம் காட்டும் கண்டிப்பு கிளப்பிடமும் இருக்க வேண்டும். ஒரே தராசு!

சைஸ் என்ன செய்வார்?

ரேஸில் லட்சம் கோடி போட்டவர்கள் பிழைத்துக் கொள்வார்கள். விடியற்காலையில் எழுந்து குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வைத்து, சாணி அள்ளி, மேல் தேய்த்துவிட்ட சைஸின் கதி? தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். இந்தத் தகராறில் அவர்கள் பேர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. நிலத்தை எடுக்கிற சர்க்கார் அவர்களுக்கும் ஒரு வழி செய்யட்டும். பூங்காவில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதல் பட்டியலில் அவர்களைச் சேர்க்கலாம்.

குதிரைகளும் பாவம்தான். நாலைந்து வருஷம் ஓடும். அதற்கப்புறம் யாருக்கும் வேண்டாம். ஓடுகிற வரை லட்சக்கணக்கில் விலை சொன்னவர்கள், ஓய்ந்த குதிரைக்குக் கடைசிக் காலத்துத் தீனிச் செலவையும் ஏற்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வந்தால் தப்பில்லை.

கிண்டிக்குப் பூங்கா... நமக்கு?

கையகப்படுத்திய நிலத்தில் 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்துப் பசுமைப் பூங்கா அமைக்கப் போவதாகச் சர்க்கார் அறிவித்தது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்கக் குளங்கள் வெட்டும் வேலையும் அங்கே எடுக்கப்பட்டது. நல்ல காரியம். மழை வந்தால் வேளச்சேரிக்காரர் படகில் போகிற கொடுமையை நாமும் பார்த்தவர்கள்தான். மனதாரப் பாராட்டுவோம்.

பாராட்டிவிட்டு ஒரு கேள்வி.

கிண்டியில் ஏற்கனவே தேசியப் பூங்கா இருக்கிறது. சிறுவர் பூங்கா இருக்கிறது. கவர்னர் மாளிகைத் தோப்பு, ஐ.ஐ.டி. காடு, காந்தி மண்டபம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. காற்று தாராளமாக வீசுகிறது. அங்கே இன்னும் 118 ஏக்கர்.

கொடுங்கையூரில் என்ன இருக்கிறது? சுமார் 340 ஏக்கரில் குப்பை மேடு! கிண்டி ரேஸ் மைதானத்தைப் போல இரண்டு மடங்கு. பட்டணத்தின் பாதி தின்று போட்ட எச்சில் இலை முதல் ஒடிந்த நாற்காலி வரை பல்லாண்டுகளாக நம் தலைமாட்டில் கொட்டிக் கிடக்கிறது. வெயில் காலத்தில் குப்பை தீப்பிடித்தால், எழில் நகரிலும் ஆர்.ஆர். நகரிலும் ஜன்னலைச் சாத்திக் கொண்டு குழந்தைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்ற, சுமார் 640 கோடி ரூபாயில் வேலை தொடங்கியது. 252 ஏக்கரில் கிடக்கும் 66 லட்சம் டன் குப்பையை எடுத்து நிலத்தை மீட்பதுதான் திட்டம். ‘அப்பாடா, விடிவு வந்தது’ என்று மூச்சு விட்டோம். மூச்சு விடுவதற்குள் அடுத்த சேதி வந்தது: அங்கேயே தினமும் 2,100 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை! அதை எதிர்த்து 2025 மே மாதம் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்றார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டு தாய்மார்களும் நின்றார்கள்.

குதிரை ஓடிய நிலம் மீண்டால் பூங்கா. குப்பை கிடந்த நிலம் மீண்டால் புகைக் கூண்டா? தெற்கே மண் கிடைத்தால் மரம் நடுகிற கைக்கு, வடக்கே மண் கிடைத்தால் மட்டும் ஏன் நெருப்புப் பெட்டி ஞாபகம் வருகிறது? அனல் மின் நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் சுத்திகரிப்பு என்று எண்ணூரும் மணலியும் சுமக்கிற பாரம் போதாதா?

நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: கிண்டி நிலம் மறுபடி எந்த கிளப்புக்கும், எந்தக் கம்பெனிக்கும், எந்தப் பேரிலும் குத்தகைக்குப் போகக் கூடாது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கூடாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே கிண்டியில் இறங்கலாம். நம் பிள்ளைகளும் போய் ஓடட்டும். பந்தயம் கட்டித் தோற்ற தாத்தாவின் காசில் பாதி அந்த மண்ணில்தானே கிடக்கிறது!

இரண்டு: பழைய காலத்து வாடகையில் சர்க்கார் நிலத்தை வைத்திருக்கும் கிளப்புகள், சங்கங்கள் எவை, எத்தனை ஏக்கர், என்ன வாடகை என்று முழுப் பட்டியலையும் வெளியிட வேண்டும். பெரிய மனிதர் என்று யாரையும் ஒளிக்க வேண்டாம்.

மூன்று: ரேஸ் கிளப்பிடமிருந்து பாக்கி வசூலாகும் நாளில் அதில் ஒரு பங்கு கொடுங்கையூருக்கு வர வேண்டும். மீட்கப்படும் நிலத்தில் நிழல் தரும் மரம், மழைநீர்க் குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் வேண்டும். குப்பையைத் தரம் பிரிக்கும் வேலை அந்தந்த வட்டாரத்திலேயே நடக்கட்டும். தி.நகர் குப்பைக்கு கொடுங்கையூர் எதற்கு, பெருங்குடி எதற்கு?

பணக்காரன் வைத்திருந்த நிலத்தைக் கேட்டு வாங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். சர்க்கார் அதைக் காட்டிவிட்டது. ஏழை வீட்டு வாசலில் கொட்டியதை அள்ளுவதற்கு அவ்வளவு துணிச்சல்கூட வேண்டாம், கொஞ்சம் மனசு இருந்தால் போதும்.

மேயர் அம்மாவும் மந்திரிகளும் ஒருநாள் சாயங்காலம் எருக்கஞ்சேரி ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஐந்து நிமிஷம் மூச்சு இழுத்துப் பார்க்கட்டும். கிண்டியில் நடுகிற மரத்தில் பாதியை எங்கே நட வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்!