புள்ளியைத் துடைக்கிற கருவிகள்



மே தினத்துக்கு ஒரு பிக்சல் ஆர்ட் போஸ்டர் கீறினன். 160க்கு 144 கட்டம், நாலே நாலு நிறம், அதாவது பழைய கேம் பாய் திரையின்ட கணக்கு. நடுவில 'வேலைநிறுத்தம்' எண்ட சொல். கடைசியா அதை ஒரு 'கிளீன் அப்' மென்பொருளுக்குள்ள போட்டன். திரும்பி வந்தது 'வேலைநிறுததம'.

தனியா நிற்கிற பிக்சலை இந்த மாதிரிக் கருவிகள் அழுக்கு எண்டுதான் எடுக்கும். நான் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே ஒரு பிக்சலால வைச்சிருந்தன். எனவே ரெண்டும் போட்டுது. ஆங்கிலத்தில சிறிய 'ஐ'க்கு மேல இருக்கிற புள்ளிக்கும் இதே ஆபத்து இருக்கு. ஆனா அங்க புள்ளி போனாலும் சொல்லை வாசிக்கலாம். எங்களுக்குப் புள்ளி போனா எழுத்தே மாறிப்போகும்.

இந்தக் கருவிகள் வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்ல. ஜேபெக் ஆக்கினதால கலங்கிப்போன படத்தில நிறங்களைத் திரும்ப எண்ணிக்கைக்குள்ள கொண்டுவருவது, பெருப்பிச்ச படத்தை அதன் உண்மையான கட்டத்துக்குத் திருப்பிச் சுருக்குவது, கோட்டில துருத்தி நிற்கிற மூலைப் பிக்சலை எடுப்பது எல்லாம் கையால செய்தா மணித்தியாலக் கணக்கில போகும். மெஷின் செய்யட்டும். என்ட கேள்வி, மிச்சம் பிடிச்ச நேரம் ஆருக்குப் போகுது எண்டதுதான்.

போன கோடையில ஒரு சின்ன கேம் கம்பனிக்குப் பகுதி நேரமா வேலை செய்தன். முதல்ல உருவங்களை நானே கீறினன். பிறகு ஏஐ உருவாக்கின படங்களை அனுப்பத் தொடங்கினவை. பார்க்க பிக்சல் ஆர்ட் மாதிரித்தான் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தா ஒரு கட்டம் மற்றதோட பொருந்தாது, 16 நிறம் இருக்கவேண்டிய இடத்தில நூற்றுக்கணக்கில நிறம், கைவிரல் ஒவ்வொரு பிரேமிலயும் வேற மாதிரி. கருவி கட்டத்தைச் சரிசெய்யும், நிறத்தைக் குறைக்கும். விரலை நான்தான் திரும்பக் கீறவேணும். நேரம் பெரிசா குறையேல்ல. ஆனா வேலையின்ட பெயர் 'ஓவியம்' இல்லாம 'துப்புரவு' எண்டு மாறினதால கூலி பாதியாச்சுது. கிரெடிட்டில பெயரும் இல்லை.

இது புதுக் கதை இல்லை. 1937இல வந்த டிஸ்னியின்ட 'ஸ்னோ வைட்' படத்தில, செல்லுலாய்டில மைக்கோடு போட்டு நிறம் பூசின பெண்களின்ட பெயர் திரையில வரேல்ல. ஸ்டூடியோவில ஆகக் குறைஞ்ச சம்பளம் வாங்கினவர்களில அவையும் இருந்தவை. 1941 மே மாதம் டிஸ்னி தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளமும் திரையில பெயரும் அவர்களின்ட குறைகளில இருந்தன. ஒரு வேலைக்கு 'திறமை தேவையில்லாதது' எண்டு பெயர் வைச்சிட்டா கூலியைக் குறைக்கிறது லேசு. வீடு கூட்டுற அம்மாமாருக்கு இதை நாங்கள் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை.

கருவி ஆரின்ட கையில இருக்கு எண்டதும் முக்கியம். கனபேர் பாவிக்கிற ஏஸ்ஸ்ப்ரைட் 2016 வரைக்கும் ஜிபிஎல் உரிமத்தில இருந்தது. பிறகு உரிமம் மாறிச்சுது. மூல நிரலை இப்பவும் பார்க்கலாம், உங்கட பாவனைக்குத் தொகுக்கலாம், ஆனா மற்றவைக்குப் பகிர ஏலாது. அதைச் செய்தவரும் சாப்பிடவேணும், அதில எனக்குக் கோபம் இல்லை. அதேநேரம், பழைய சுதந்திர நிரலில இருந்து லிப்ரேஸ்ப்ரைட் பிரிஞ்சு வந்தது. பிக்சலோராமா எம்ஐடி உரிமத்தில இலவசமாக் கிடைக்குது. இப்படித் திறந்த நிரல் எண்டா, 'தமிழ்ப் புள்ளியை விட்டுவை' எண்ட மாற்றத்தை நாங்களே எழுதிச் சேர்க்கலாம். மூடின கருவியிட்ட கெஞ்சத்தான் ஏலும்.

எங்கட குழுவுக்கு மூண்டு விஷயம் கேட்கிறன். போஸ்டருக்கும் கேமுக்கும் திறந்த கருவிகளைப் பாவிப்பம். ஏஐ படத்தைத் துடைச்சு 'கையால கீறினது' எண்டு போடாம இருப்பம். துப்புரவு செய்யிற ஆளுக்கும் கீறின ஆளுக்குரிய அதே மணித்தியாலக் கூலி குடுத்து, பெயரும் போடுவம். காசு இல்லாட்டி பெயராவது போடுவம், அடுத்த முறை காசு சேர்ப்பம்.

அடுத்த கூட்டத்தில இதை எடுப்பம். போஸ்டரில அந்த ரெண்டு புள்ளியையும் திரும்ப வைச்சிட்டன், இந்த முறை ரெண்டு பிக்சல் அகலத்தில.