கையெழுத்துப் போடும் முன் கேள்வித்தாளைப் படியுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கூச்சமான விஷயமும்கூட. ஐம்பது வயது தாண்டிய ஆண்களும், அந்த வயதில் அப்பா உள்ளவர்களும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, பி.எஸ்.ஏ. 8 இருக்காம். திங்கக்கிழமை புராஸ்டேட் பயாப்சிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா? ஊசி எந்த வழியா போடப் போறாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கலண்ணே. கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரு."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

மூன்று வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் இருந்தேன். "கேள்வித்தாளை முழுசாப் படிச்சுட்டு எழுதுங்கடா" என்று முப்பத்து நான்கு வருடம் உங்கள் தலையில் குட்டியவன், ஆஸ்பத்திரியில் நீட்டிய இரண்டு பக்கப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "பத்து நிமிஷ வேலை சார்" என்றார்கள். ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை விட்டு, மலக்குடல் சுவரைத் துளைத்து 12 இடத்தில் ஊசியால் சதை எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீடு திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி குளிர் தூக்கிப் போட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம். ஆறு நாள் டிரிப்ஸ். அந்த ஆறு நாளும் உங்கள் டீச்சரம்மா கண்ணை மூடவில்லை. அதைவிடக் கொடுமை, ரிப்போர்ட்டில் "புற்றுநோய் இல்லை" என்று வந்ததை நம்பி நான் ஒரு வருடம் நிம்மதியாக இருந்தது.

பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. இந்த முறை வேறு ஊரில் வேறு மருத்துவர். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். சுரப்பியின் முன்பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மலக்குடல் வழியாகப் போகும் ஊசிக்கு எளிதில் எட்டாத இடம் அது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக, அந்த இடத்தைக் குறிவைத்து எடுத்தார். புற்றுநோய்தான். நல்லவேளை, பரவவில்லை. சிகிச்சை முடிந்து இன்று நலமாக உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு கொய்யாப்பழத்தில் எங்கோ ஒரு புழு. கண்ணை மூடிக்கொண்டு 12 இடத்தில் குத்தினால் புழு மாட்டலாம், மாட்டாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. என்பது கண்ணைத் திறந்து பார்ப்பது. 2018-இல் வெளியான 'பிரிசிஷன்' ஆய்வில் 500 ஆண்கள். எம்.ஆர்.ஐ. பார்த்துக் குறிவைத்த பிரிவில் 38 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய முறையில் 26 சதவீதம்தான். எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை.

அடுத்தது வழி. மலக்குடல் கிருமிகள் குடியிருக்கும் இடம். சாக்கடைக் குழாயைத் துளைத்துக்கொண்டு குடிநீர்த் தொட்டிக்குள் கம்பி போனால் என்ன ஆகும்? அதைத் தடுக்கத்தான் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருகிறார்கள். நாமோ சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்கி, அந்த மாத்திரைக்கே அடங்காத கிருமிகளை வயிற்றில் வளர்த்து வைத்திருக்கிறோம். எனக்கு நடந்தது அதுதான். தோல் வழி என்றால் மேலே மருந்து போட்டு நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு ஊசி போடலாம். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே செய்யவும் முடிகிறது. ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கம் தோல் வழியையே பரிந்துரைக்கிறது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்து இன்று மருத்துவராக இருக்கும் மாணவர் ஒருவர் என்னைத் திருத்தினார்: "சார், மலக்குடல் வழி தப்பான முறை இல்லை. அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டையும் ஏற்கிறது. முன்கூட்டியே கிருமிப் பரிசோதனை செய்து, அதற்கேற்ற மருந்து கொடுத்தால் ஆபத்து நிறையக் குறையும். தோல் வழியில் வலி கொஞ்சம் கூடுதல். எம்.ஆர்.ஐ.யும் சில நேரம் தவறவிடும்." சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த நாலு வரியை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! என் உடம்பில் எந்த வழியாக ஊசி போகிறது என்பதைக் காய்ச்சல் வந்த பிறகா நான் தெரிந்துகொள்வது?

"எம்.ஆர்.ஐ.க்குச் செலவாகுமே" என்பார்கள். ஆறு நாள் படுத்ததற்கு வந்த பில் அதைப்போலப் பல மடங்கு. அரசு மருத்துவமனையில் காட்டுபவர்களும் தயங்காமல் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் வசதி வரும்.

இன்னொன்று. "ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடும்" என்று வாட்ஸப்பில் சுற்றுவதை நம்பி யாரும் பயாப்சியைத் தள்ளிப் போடாதீர்கள். அப்படி நடப்பது மிக மிக அரிது. தள்ளிப்போட்டால் நோய் முற்றுவதுதான் நிஜமான ஆபத்து. பி.எஸ்.ஏ. கூடினாலே புற்றுநோய் என்றும் பயப்படாதீர்கள். வயதான வீக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் அது கூடும்.

வீட்டுப்பாடம், நான்கே கேள்விகள். ஒன்று: எம்.ஆர்.ஐ. முதலில் எடுக்கலாமா? இரண்டு: ஊசி மலக்குடல் வழியா, தோல் வழியா? எனக்கு ஏன் அந்த வழி? மூன்று: தொற்று வராமல் என்ன செய்யப் போகிறீர்கள்? நான்கு: காய்ச்சல் வந்தால் நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கேள்வி கேட்ட பிள்ளையை நான் என்றைக்காவது அடித்திருக்கிறேனா?

தம்பி திங்கட்கிழமை போய்க் கேட்டான். டாக்டர் கோபப்படவில்லை. எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்